மாலிஸ் செய்யாத சத்தியம்

1305 ஜூலை 19
மழை. ஓட்ஸ் பயிர் சாய்ந்து கிடக்கிறது. மதியம் தம்பி மாலிஸ் மலையிலிருந்து இறங்கி நேராக அடுப்படிக்கே வந்துவிட்டான். எங்கள் நாட்டுப் பிரபுக்கள் எல்லாரும் இங்கிலாந்து ராஜாவுக்குப் பணிந்தாயிற்று. இவனும் இவன் ஆட்களும்தான் பாக்கி.

"மாமா எங்கேக்கா? ஷெரீப் வீட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போயிட்டாரா?"

சிரித்துவிட்டேன். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தேன். என் கணவர் ஆலன் அவனுக்கு மன்னிப்பு வாங்கித்தரப் பேச விரும்புவதாக ஏற்கெனவே ஆள் அனுப்பியிருக்கிறாராம்.

"மன்னிப்பு கேக்க நான் என்ன தப்பு பண்ணேன்? உன் புருஷனாச்சேன்னு போய்ப் பேசுறேன். மண்டி போட மாட்டேன்" என்றான்.

ஜூலை 24
பிடித்துவிட்டார்கள்.

பேச வா என்று தேவாலயத்துக்கு அழைத்திருக்கிறார் ஆலன். வாளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான் மாலிஸ். பீடத்துக்குப் பின்னால் ராஜாவின் அதிகாரியான ஷெரீப்பின் ஆட்கள் — கோயிலுக்குள்ளேயே.

"நம்ம வீடு மிஞ்ச வேண்டாமா, மூரியல்?" என்கிறார்.

"உங்க வீடுன்னு சொல்லுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 3, பெர்த் நகரம்
ஆலனிடம் சொல்லிக்கொள்ளாமல் குதிரையேறி வந்தேன். விசாரணையாம். ராஜத்துரோகம் என்று வாசித்தார்கள். கைதி பேசக் கூடாது என்றார்கள். அவன் கேட்கிற ஆளா?

"உங்க ராஜா மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல. அவருக்கு எப்போ சத்தியம் பண்ணேன், இப்போ மீறுறதுக்கு?"

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். பிறகு பலரும். நீதிபதிக்கு முகம் சிவந்துவிட்டது. நாளைக்குத் தூக்கு.

இழுத்துக்கொண்டு போகும்போது என்னருகே நின்றான். "அழுதியாக்கா?"

"இல்லடா."

"அவனுங்க முன்னாடி அழாதே."

ஆகஸ்ட் 4
குதிரைக்குப் பின்னால் கட்டித் தெருவெல்லாம் இழுத்தார்கள். தூக்கிலிட்டு, உயிர் இருக்கும்போதே இறக்கி — வேண்டாம். நான் கண்ணை மூடவில்லை. அவ்வளவுதான். தலையைக் கம்பில் குத்திப் பாலத்தில் நட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 10
மாலிஸின் நிலம் இப்போது ஆலனுக்கு. கூலி.

இன்று கோயில் முற்றத்தில் குடியானவர்கள் எல்லாரும் ராஜாவுக்குச் சத்தியம் செய்ய வேண்டும். எஜமானி என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டார் ஷெரீப். வேதப் புத்தகத்தை நீட்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மூரியல், கெஞ்சிக் கேக்குறேன்" என்றான் ஆலன், காதருகே.

"இந்தக் கோயில்ல நீ பண்ணின காரியத்துக்கு அப்புறம், இங்கே எந்தச் சத்தியம் செல்லும்?" எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

கொல்லன் ஈவன் குல்லாயை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். அவன் பெண்டாட்டி. பிறகு ஆட்டுக்காரர்கள். ஷெரீப்போடு வந்திருந்த சிப்பாய்கள் கொஞ்சம் பேர்தான். யாரைப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் மலைப்பாதையில் ஏறினேன்.

அக்டோபர் — தேதி தெரியவில்லை
மலையில் முதல் பனி. மாலிஸின் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். இன்று ஆலனின் தூதன் வந்தான். நான் திரும்பிப் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுவானாம். ஆள் குளிரில் நடுங்கினான்; கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

குடித்துவிட்டு, "இங்கே தலைவர் யாரு? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றான்.

ஈவன் ஈட்டிமுனையைத் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"உனக்குக் கஞ்சி ஊத்தினாங்களே, அவங்கதான்."