கடுமை, ஆறு நிமிஷம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் தங்கையும் உயிரோடு இருக்கிறார்கள், அந்த மட்டில் இங்கே நலம்; நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். படபடக்காமல் உட்கார்ந்து படி.

அம்மாவின் சர்க்கரைக்காக நீ போனில் சொன்னாயே, வேலை செய்யும்போது பாட முடிந்தால் இலேசு, பேச மட்டும் முடிந்தால் மிதம், நாலு வார்த்தைக்குள் மூச்சு வாங்கினால் கடுமை என்று, அதன்படி தினமும் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே அவளுக்குக் குரல் கொடுப்பேன், பதில் வரும் தினுசைக் கேட்டு நோட்டில் குறிப்பேன். அவளும் வேண்டுமென்றே சினிமாப் பாட்டை இழுத்து என்னை வெறுப்பேற்றுவாள். செவ்வாய்க்கிழமை காலை உள்ளே தடதடவென்று சத்தம். கால்மிதியை அடித்துத் துவைக்கிறாளாக்கும் என்று நினைத்து, எப்படிப் போகுது என்று கேட்டேன். ஏங்க, ஏங்க என்று மட்டும் மூச்சிரைக்க வந்தது. பலே என்று கடிகாரத்தைப் பார்த்து 'கடுமை, ஆறு நிமிஷம்' என்று எழுதிவிட்டுக் காலர் தைக்கத் தொடங்கினேன். பாவி நான்.

உன் தங்கை புருஷன் பின்கதவு வழியாக வந்திருக்கிறான். அவன் அடித்ததில் பல் உடைந்து உன் தங்கை நம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. குளித்துக்கொண்டிருந்தவளை அவன் தொடக் கூடாதென்று அம்மா குளியலறைக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டு அதைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள். அம்மாவின் முடியைப் பிடித்து அவன் சுவரில் மோதினான், இவள் அவன் கையைச் சதையோடு கடித்தாள், வாணலியால் முகத்தில் அறைந்தாள். கழுத்தை நெரித்தும் தாழ்ப்பாளை விடாததால் இரண்டு விரலை ஒடித்திருக்கிறான். உள்ளேயிருந்து உன் தங்கை கதவை இடித்ததைத்தான் நான் துவைக்கிற சத்தம் என்று கேட்டிருக்கிறேன். வாணலி உருண்டு என் காலடிக்கு வந்த பிறகுதான் ஓடினேன். சூடேறியிருந்த இஸ்திரிப் பெட்டியை அவன் முதுகில் வைத்து அழுத்தினேன். தோல் பொசுங்கிய நாற்றம் வந்தும் எடுக்கவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. அக்கம்பக்கத்தார்தான் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

அம்மாவுக்குத் தலையில் பதினான்கு தையல், மூன்று விலா முறிவு. கண் விழித்ததும், இந்த வார உழைப்பு முடிஞ்சுதுன்னு பெரியவளுக்கு எழுதுங்க என்றாள். சிரித்து, விலா வலித்து, அழுதாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறாதே, முதுகைப் பார்த்துக்கொள். ஜெயிலில் இருக்கும் அவனுக்கு அடுத்த மாதம் ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். அதற்குள் தங்கையை அங்கே அழைத்துக்கொள். இதற்கு முன் இரண்டு தடவை அடிபட்டு ஓடிவந்தவளை, புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று சமாதானம் பேசிக் கொண்டுபோய் அவன் வாசலில் விட்டது நான்தான். அவள் என்னிடம் பேசுவதில்லை.

நீங்கள் எல்லோரும் நூறு வயது நன்றாக இருங்கள். டிக்கெட்டை மட்டும் மறக்காமல் அவள் கைக்கே கிடைக்கும்படி அனுப்பு, என்னிடம் அனுப்பாதே.

உனக்கும் உன் தங்கைக்கும்
அப்பா