நீ விட்டுப்போன கிருமிகள்

எங்கள் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் இருமல் மருந்துப் புட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே கலங்கலான திரவம். வெளியே உன் கோழிக்கிறுக்கலில் ‘குடிக்காதே’ என்றொரு சீட்டு. இன்று காலை பால் எடுக்கும்போது விரல் அதில் பட்டது. உடனே சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

உன் மனைவி ராதா மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டாள். மந்தைவெளி வீட்டைக் காலி செய்த அன்று இதைக் கொண்டுவந்தாள். “அண்ணா, தூக்கிப் போட மனசு வரல. வச்சுக்கவும் பயமா இருக்கு. நீங்க வச்சுக்குங்க.” உப்புப் பாக்கெட்டிலும் காலாவதித் தேதி தேடுகிற என்னிடம் கொடுத்தாள்.

உன்னோடு உணவு ஆலை ஆய்வகத்திலிருந்து ஓய்வுபெற்ற மற்றவர்கள் நடைப்பயிற்சி போனார்கள், கோயில் கமிட்டியில் சண்டை போட்டார்கள். நீ முள்ளங்கியை உப்புநீரில் போட்டுப் புளிக்க வைத்தாய். தானாகப் புளிக்க விட்டால் ஒரு ஜாடி மணந்தது. அடுத்தது கொழகொழத்து நாறியது. அதனால் நன்றாக வந்த ஜாடியிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து இந்த இருமல் மருந்துப் புட்டியில் வளர்த்து, ஒவ்வொரு புது ஜாடியிலும் ஒரு கரண்டி விட ஆரம்பித்தாய்.

“மச்சி, டி.நகர் பஸ்ஸுல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு எடம் புடிப்போமே, அந்த மாதிரி. நல்லவன் மொதல்ல உக்காந்துட்டா கெட்டவனுக்கு எடமே கிடைக்காது.”

“கெட்டவன் கர்ச்சீப்பைத் தள்ளிட்டு உக்காந்தா?”

“அதுக்குத்தான்டா உப்பு. கண்டக்டர்.”

அதன் பிறகு எல்லா ஜாடியிலும் ஒரே சுத்தமான புளிப்பு. முள்ளங்கி நறுக்கென்று கடிபட்டது. ஆனால் நீ தின்று அரை மணி நேரம் போன பிறகே நான் கை வைப்பேன். அதுவரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். “இன்னும் சாகல. தின்னுடா,” என்பாய்.

பிறகு செத்துப்போனாய். இதயம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். துக்கம் கேட்க வந்த உன் சம்பந்தியோ, “வீட்ல கிருமி வளர்த்தா வேற என்னாகும்?” என்றார். அபத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுடுகாட்டிலிருந்து வந்து குளிக்கும்போது வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

புட்டி வந்த பிறகு இன்னொரு பயம் சேர்ந்தது. அவ்வப்போது புது உப்புநீரும் காயும் கொடுக்காவிட்டால் அந்தப் பாக்டீரியாக்கள் செத்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். உன் கைப்பட வளர்ந்ததில் மிச்சம் அந்தப் புட்டி மட்டுமே. போன வாரம் மாட வீதியில் முள்ளங்கி வாங்கினேன். லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது அவற்றைக் கொன்றுவிடும் என்பதால் கொதிக்கவைத்தேன். ஆறுவதற்குள் ஊற்றினாலும் கொன்றுவிடும். ராதா ஒருமுறை அப்படித்தான் ஒரு ஜாடியைத் தீர்த்துக்கட்டினாள். “எதையும் கொதிக்க வைக்காம விடாத ஊர்டா இது,” என்று அன்று முழுக்கப் புலம்பினாய். நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆறிவிட்டது என்றது விரல். அந்த விரலை நான் எப்போதுமே நம்பியதில்லை. உப்பு கரைத்து முள்ளங்கியோடு ஜாடியில் விட்டு, புட்டியில் பாதியை அதில் ஊற்றினேன்.

ஜாடி சும்மா கிடந்தது. குமிழே இல்லை. உயிரோடு இருந்து என்னைக் கொல்லுமோ என்ற பயமும், நான் அவற்றைக் கொன்றுவிட்டேனோ என்ற பயமும் மாறி மாறி வந்தன. பிறகொரு காலை உப்புநீர் கலங்கி, ஓரமாகச் சின்னச் சின்னக் குமிழ்கள் ஏறின. அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். ஜலதோஷம் என்று என் மனைவி சரசுவிடம் சொன்னேன்.

இன்று மத்தியானம் சரசு ஜாடியைத் திறந்தாள். உஸ்ஸென்றது.

“நாறலையே,” என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. ஒரு துண்டைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். “நீங்க மொதல்ல.”

எனக்கு முன்னால் தின்ன ஆளில்லை. வாயில் போட்டுக்கொண்டேன். நறுக்கென்றது; அதே புளிப்பு. சரசு கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. கண்ணை எடுக்கவே இல்லை. இத்தனை வருஷம் நான் உன்னைப் பார்த்தபோது உனக்கும் உள்ளங்கை இப்படித்தான் வியர்த்ததா? உன் சிரிப்பில் அது தெரிந்ததே இல்லை.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சரசுவைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது துண்டை எடுத்தேன்.