ஓமத்தில் சுட்ட கல்

கல்லின் உள்ளும் உறையும் மருதமலை வேலவா, எழுதும் கையைக் காத்தருள்.

சிங்காநல்லூர், 4 மார்ச் 1996

மகள் சண்முகப்பிரியாவின் ஆய்வுக்கு அன்னூர் மைத்துனர் பாலுசாமியின் புதுக் கிணற்றடியிலிருந்து கல் வந்தது. கரிய உடலில் பச்சை மணிகள். ஆழத்துப் பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் ஹீலியமும் ஆர்கானும் எதனோடும் சேராதாம். குழம்பு மேலேறி அழுத்தம் குறைந்ததும் குமிழியாகப் பிரிந்துவிடுமாம். பச்சை மணிக்குள் அகப்பட்டது மட்டும் அங்கேயே தங்கும். பூமி பிறந்த நாளின் மூச்சு அதில் இருக்கலாம் என்கிறாள். பற்றற்றோர் அடைபட்ட குகை! பதினேழாம் தேதி வடக்கே ஆய்வுக்கூடம் புறப்படுகிறாள். தவறினால் கருவி அடுத்த ஆண்டுதான் கிடைக்கும்.

10 மார்ச்

பயணத்துக்காகக் கணபதி ஓமம் செய்தோம். பூரணாகுதி முடிந்ததும் அந்தக் கல்லை நானே கனலுக்குள் வைத்தேன்.

"என்னங்கப்பா செஞ்சுபோட்டீங்க?"

"கல்லுக்கும் ஆசி வேண்டாமா அம்மணி?"

"சூடு பட்டா உள்ள இருக்கறது கசிஞ்சு போயிருமுங்க. இனி இதை யாரு நம்புவாங்க?"

அதன்பின் திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை.

11 மார்ச்

செபத்தில் மனம் நிற்கவில்லை. வருந்தினால் கல் பழையபடி ஆகுமா? ஆகாது. எழுந்திரு.

13 மார்ச்

அன்னூர் சென்றேன். மேலே கிடக்கும் கல் உதவாது. வானத்துக் கதிர் பட்டே அதில் புது ஹீலியம் உண்டாகிவிடுமாம். அடிப்பாறையே வேண்டும். ஆனால் சென்ற வாரம் கிணற்றில் ஊற்று கண்டது. பத்தொன்பதாம் தேதி அமாவாசைப் பூசை வரை உளி படலாகாது என்று விதித்தவனும் நானே.

பாலுசாமி சிரித்தார். "ஏனுங்க மச்சான், கங்கை கோவிச்சுக்குவான்னீங்க. இப்பக் கோவிக்க மாட்டாளாக்கும்?"

"கோவிச்சா எம்மேல கோவிக்கட்டுமுங்க. மொத உளிய நானே வெக்கறேன்."

"முழங்கால் வலிக்குதுன்னு கோயில் படியவே ஏறமாட்டீங்க!"

"எறங்கத்தானுங்களே போறேன்."

இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். முழங்காலளவு நீரில் நின்று கங்கையை வணங்கிவிட்டு உளி வைத்தேன். கிணறு வெட்டும் மாசாணம், "கண்ண மூடிக்குங்க, சில்லு தெறிக்கும்" என்று சம்மட்டியை ஓங்கினார். மேலே வந்ததும் பழக்கத்தில் கை திருநீற்றுப் பைக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டேன். கல்லை வெறுந்துணியில் சுற்றினேன்.

17 மார்ச்

ரயிலேறினாள். கல்லை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

2 ஏப்ரல்

தொலைபேசியில் பிரியா: "வெற்றிடத்துல வெச்சு நசுக்கினோமுங்கப்பா. இருந்துச்சுங்க. கொஞ்சூண்டுதான், ஆனாப் பழசுங்க!"

கிணற்றில் நீர் ஏறியிருக்கிறது என்று பாலுசாமி ஒரு குடம் அனுப்பினார். அதில் அள்ளி, பூசையறையில் இருக்கும் ஓமக் கல்லுக்கு அபிடேகம் செய்தேன். இந்தக் கல்லுக்கு அது தகும்.

என்றேனும் இதை வாசிப்பவரின் இல்லத்தில் ஊற்று வற்றாதிருக்க. பிள்ளைகள் எடுத்த காரியம் முடிக்க.