மாதுளைச் சிவப்பு

அன்புள்ள பாப்பு,

பகல் பன்னிரண்டு மணி நிலவரப்படி உன் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வெறும் பத்தொன்பதாயிரம். சொன்னவர் ஐ.சி.யூ. நர்ஸ் சவிதா. காலையில் நீ எடுத்த வாந்தி சிவப்பாக இருந்தது. அது ரத்தமா, நான் ஊட்டிய மாதுளையா என்று இன்னும் தெரியவில்லை.

டெங்கு என்றதும், ரத்தம் ஊறட்டும் என்று நான்தான் உரித்துக் கொடுத்தேன். "கெம்பு கலர்ல எதுவும் கொடுக்கக் கூடாதும்மா. உள்ள ரத்தம் கசிஞ்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சவிதா, சிவப்பைக் கன்னடத்தில் சொல்லி.

போன ஞாயிறு நம் லிங்கராஜபுரம் வீட்டில் நாம் பார்த்த மாயாஜாலத் திகில் படத்தில், பாதாள அரண்மனையில் மாதுளை தின்ற பெண் திரும்பவே இல்லை. இது பழைய கிரேக்கக் கதை என்றேன். அதில் அவளுடைய அம்மா பூமியில் ஒரு பயிர்கூட முளைக்கவிடாமல் மகளைத் திருப்பிக் கேட்பாள். வருஷத்தில் சில மாதங்களுக்காவது மீட்டுவிடுவாள். படத்தில் அம்மா பாத்திரத்தையே நீக்கிவிட்டார்கள் என்று குறைபட்டேன்.

"நல்லவேளை! இல்லன்னா படம் பூரா அட்வைஸ்தான்" என்றாய். நானும் சிரித்தேன்.

இப்போது ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். காவலாளி இரண்டு முறை கீழே போகச் சொன்னார். நான் போகவில்லை.

இந்தக் கடிதத்தை நீ வீட்டுக்கு வந்த பிறகுதான் தருவேன்.

வாந்தியின் பரிசோதனை முடிவு ஐந்து மணிக்கு வரும். அடுத்த தட்டணு எண்ணிக்கை ஆறு மணிக்கு.

இப்படிக்கு,
உன் அட்வைஸ் அம்மா