தானாகச் சேரும் கோப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அக்கா போன் செய்தாள். மாமாவுக்கு, அதாவது அவள் கணவருக்கு, இன்னும் வேலை கிடைத்தபாடில்லை. இயந்திர பாகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார்; தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் கருவிகளுக்கு நிரல் எழுதும் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். வயது தடையில்லை, ஒரு தேர்வு மட்டும். "ஒரு மாசம் உக்காந்து அவருக்கு சி மொழி சொல்லிக்குடுடி" என்றாள். அவள் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?

மார்ச் 9, ஞாயிறு

முதல் பாடம், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மாமா சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, நேர்முகத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எங்கோ ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டார். நிரலைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், திரை கொள்ளாமல் பிழைகளைக் கொட்டியது. "இத்தனை தப்பா பண்ணியிருக்கேன்?" முகம் வெளிறிவிட்டது மனிதருக்கு. விசைப்பலகையை என் பக்கம் இழுத்து அந்த ஓர் அரைப்புள்ளியைப் போட்டேன். பிழையெல்லாம் மாயம். வித்தைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்கும் பெருமைதான், பொய் எதற்கு?

மார்ச் 16, ஞாயிறு

இன்று வரிசைகள். பத்து இடங்கள் கொண்ட வரிசையில் பத்தாம் எண்ணைக் கேட்டிருக்கிறார். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கி ஒன்பதில் முடிவதால் அப்படி ஓர் இடமே கிடையாது. நிரல் ஒரு தரம் ஓடியது, மறுதரம் பாதியில் விழுந்தது. ஏன் பூஜ்யம், ஏன் ஒரு தரம் மட்டும் ஓடியது என்று கேட்டார். நல்ல கேள்விகள். ஆனால் உட்கார்ந்து விளக்கியிருந்தால் சினிமாவுக்கு நேரமாகியிருக்கும். "அது அப்படித்தான் மாமா, விடுங்க" என்று நானே திருத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 19, புதன்

மதியம் மாமாவிடமிருந்து மறுபடி போன், ஏதோ சந்தேகம். "தொந்தரவு பண்றேனாம்மா?" இல்லை என்றது வாய். குரல் வேறு சொல்லியிருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

நிரலை இரண்டு கோப்புகளாகப் பிரித்து எழுதக் காட்டினேன். கம்பைலரிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர் ஒன்றை மட்டும் கொடுப்பார். அதுவோ 'நீ கூப்பிட்ட பகுதி எங்கேயும் இல்லையே' என்று திருப்பி அனுப்பும். கண்ணுக்கு எதிரே இருக்கும் கோப்பை இல்லை என்கிறதே என்று முழித்தார். விளக்கினேன். மறுபடியும் முழித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே சொல்லைத் தட்டினால் எல்லாக் கோப்புகளையும் தானே சேர்த்து ஓட்டும்படி ஓர் ஏற்பாடு எழுதி அவர் கணினியில் வைத்தேன். இனி இதைப் பற்றி அவர் யோசிக்கவே வேண்டாம் என்றேன். அவ்வளவு நன்றி சொன்னார்.

மார்ச் 29, சனி

வாரம் முழுக்க மாமாவிடமிருந்து போனே இல்லை. அப்பாடா.

ஏப்ரல் 7, திங்கள்

தேர்வு முடிந்து மாமா எங்கள் அலுவலக லிஃப்ட் அருகே நின்றிருந்தார். நன்றாகத்தான் போனது என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு ஓடும் அவசரத்தில் நானும் துருவவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தேர்வை நடத்திய எங்கள் குழுத்தலைவர் என் மேசைக்கே வந்தார். "நல்ல மனுஷர். எழுதின கோடெல்லாம் சரி. ரெண்டு ஃபைலையும் சேர்க்கத் தெரியாம கடைசிவரை அந்த ஒரே எரரைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு."

தேர்வு அறைக் கணினியில் என் ஏற்பாடு எப்படி இருக்கும்? அதே சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாராம்.

ஏப்ரல் 9, புதன்

என்னத்தச் சொல்லிக்குடுத்துக் கிழிச்சேன் நான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வெளியே போயிருந்தார், அல்லது நான் வருவது தெரிந்து போனாரோ. என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையாம். தன் மண்டையில்தான் ஏறவில்லை என்கிறாராம். அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "நீ சொல்லிக்குடுக்கலடி. செஞ்சு குடுத்த."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாமாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் மேல் தப்பில்லை, அந்த ஏற்பாட்டை நான் எழுதியிருக்கவே கூடாது, முதலிலிருந்து மறுபடி உட்காருவோம் என்று. "வேணாம்மா. உனக்கு ஆயிரம் வேலை. நீ சிரமப்படாத."

நாலு திட்டு திட்டியிருக்கலாம். தாங்கியிருப்பேன்.

மே 25, ஞாயிறு

மாமாவுக்கு ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. நாள் முழுக்க நின்றபடி.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளறையில் மாமா கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். நூலகத்தில் மாலையில் சிலர் கூடி சி மொழியைப் படிக்கிறார்களாம். இவரும் போகிறாராம், அதில் யாரோ ஓர் அம்மாள் சந்தேகம் கேட்கிறார் என்றாள் அக்கா. எனக்கு இதுவரை தெரியாது.

"மொதல் பிழையை மட்டும் வாசிங்க. கீழ இருக்கறதெல்லாம் அதோட வால்தான்" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அப்புறம், "அவசரமில்ல, மெதுவாப் பாருங்க" என்றார். மறுபடி காத்திருந்தார். நான் கதவருகே தம்ளரும் கையுமாக நின்றேன். இப்படி ஒரு நிமிடம் என்னால் சும்மா இருக்க முடிந்ததா?

முடித்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். கணினியை மெல்ல மூடினார். "எப்பம்மா வந்த? சாப்ட்டியா?"

சிரித்த முகம்தான். என் வேலையை விசாரித்தார், நான் குடிபோன புது வீட்டை விசாரித்தார். கிளம்பும்வரை சி மொழி பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.