உலர்த்தும் அறைக் கதவு

மார்ச் 4, நாரின்

பிஷ்கெக் கடைகளிலிருந்து மறுபடியும் ஒரு லாரி திரும்பி வந்துவிட்டது. கல் மாதிரி காய்ந்திருக்க வேண்டிய நம் தயிர் உருண்டை பைக்குள்ளேயே நசநசவென்று கிடக்கிறதாம். இன்னொரு தடவை இப்படியென்றால் ஒப்பந்தம் ரத்து. கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அல்மாட்டியிலிருந்து லிகாய் என்ற ஆலோசகரை வரச் சொல்லியிருக்கிறேன். "நம்ம ஊர்ல புத்திக்குப் பஞ்சமா?" என்று கணவர் கேலி. பஞ்சம்தான், இப்போது என்ன?

மார்ச் 9

லிகாய் வந்தார். ஆடு அறுத்து, விருந்தில் முதல் மரியாதை யாருக்கோ அவருக்குத்தானே தலை, அதை அவர் முன்னால் வைத்தோம். பிறகு உலர்த்தும் அறையை நானே சுற்றிக் காட்டினேன். யார் வந்தாலும் காட்டுவேனே!

மார்ச் 11

மறுபடி விருந்து. ஏன் ஈரமாகிறது என்று அவர் யாரைக் கேட்டாலும், "எல்லாம் நல்லாருக்கு, நீங்க சாப்பிடுங்க" என்கிறார்கள். விருந்தாளியிடம் யார் குறை சொல்வார்கள்? மனுஷன் பெல்ட்டைத் தளர்த்தியதுதான் மிச்சம்.

மார்ச் 12

போதும். ஏப்ரனை நீட்டினேன். "இனிமே நீங்க விருந்தாளி இல்ல, வீட்டு ஆளு. சாப்பாடு எங்களோட கேன்டீன்ல. பட்டதை மூஞ்சிக்கு நேரா சொல்லணும்." அப்பாடா என்று சிரித்தார்.

மார்ச் 17

சொல்லிவிட்டார். மூஞ்சிக்கு நேராகவே.

"ஈரத்தை உள்ள விடறதே நீங்கதான்மா. தினம் யாரையாவது கூட்டிட்டு வந்து, கதவைத் தெறந்து போட்டுட்டுப் பெருமை பேசறீங்க. பக்கத்துல பால் கொதிக்கிற ஆவி பூரா உள்ள போகுது."

நானா? கூப்பிட்டு வச்சு சோறு போட்டவளையே... ஆத்திரத்தில் பேக்கிங் பார்க்கும் புருலைக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். "தெரியும்க்கா. உங்க விருந்தாளியை வெளிய நில்லுன்னு நாங்க எப்படிச் சொல்றது?"

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அடப்பாவிகளா! வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 18

லிகாயைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எல்லாரிடமும் சொன்னேன்: நானே வந்தாலும் அந்தக் கதவைத் திறக்க விடாதீர்கள். தலையாட்டினார்கள். நம்பினார்களா?

ஏப்ரல் 6

லிகாய் கிளம்பிவிட்டார். ஏப்ரனையும் கேட்டு வாங்கிக்கொண்டு.

ஏப்ரல் 21

பிஷ்கெக்கிலிருந்து கொள்முதல் அதிகாரியே வந்துவிட்டார். பேசிக்கொண்டே போனேன், கை தானாக உலர்த்தும் அறைத் தாழ்ப்பாளுக்குப் போனது.

"அக்கா! கதவு!"

புருல்தான். கத்திவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கையை எடுத்தேன்.

அதிகாரிக்கு நடையிலேயே ஸ்டூல் போட்டு டீ கொடுத்தோம். போன லாரியில் ஒரு பைகூடத் திரும்பவில்லை, ஒப்பந்தம் தொடரும் என்றார்.

ராத்திரி விருந்து. ஆட்டுத் தலையை அதிகாரி முன்னால் வைக்கவில்லை. புருல் முன்னால் வைத்தேன்.