அம்மா வந்து நின்றால்தான் மேடை

அன்புள்ள அம்மாவுக்கு,

சாமிக்கு விளக்கேற்றிவிட்டு எழுத உட்கார்ந்தேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வருகிறீர்களா என்றால், மூன்று கடிதமாகப் "பார்க்கலாம்" என்றே எழுதுகிறீர்கள்.

இங்கே சமையலறையைப் புதிதாகக் கட்டுகிறோம். நீங்கள் வந்தால் பழகிய உயரத்திலேயே சமைக்கலாம் என்று, அடுப்பு மேடைக்கு நம் வீட்டு அளவையே கொடுத்தேன். நானே அன்று அளந்து எழுதிவைத்த பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் அது இருந்தது: ஐந்து சாண். என் கையாலேயே அளந்து சுவரில் கோடு போட்டேன்.

காண்ட்ராக்டர் கோட்டைப் பார்த்து, "உங்க அம்மா அவ்வளவு உயரமாம்மா?" என்றார்.

"என் நோட்டு பொய் சொல்லாது. நீங்க கட்டுங்க."

நேற்று கல் பதித்தார்கள். போய் நின்றால் மேடை என் நெஞ்சுக்கு வருகிறது! பால் பொங்கினால் மூக்குக்கு நேராகத்தான் பொங்கும்.

காண்ட்ராக்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "இத எழுதுறப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"பத்து."

"அப்போ இது பத்து வயசுக் கையோட சாண்மா!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாவம், முகம் சுளிக்காமல் இன்றே இடித்துவிட்டார். "இந்தத் தடவ நோட்டு வேணாம். அம்மாவையே கூட்டிட்டு வந்து நிறுத்துங்க, அளந்துக்கறேன்" என்கிறார்.

அதுவரை அடுப்பு கூடத்துத் தரையில். குந்தி உட்கார்ந்தேதான் சமைக்கிறேன். வரும்போது முழங்கால் தைலம் இரண்டு புட்டியாக எடுத்து வாருங்கள், ஒன்று எனக்கு.

தபாலில் சேர்க்க இவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அளவை மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் வந்து நிற்கிற வரை இங்கே கல் ஏறாது.

உங்கள் மகள்